கிண்டுகிறவனை நிறுத்தக் கூடாது

என் அக்கா எர்லீன் வருஷத்தில் ஏழு நாள்தான் வீட்டை விட்டு வெளியே வருவாள். ஏழும் சனிக்கிழமை, ஏழும் எங்கள் பெல் ரிவ் கல்லூரி அணி சொந்த மைதானத்தில், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற எங்கள் ஊர் ஃபுட்பால் ஆடுகிற நாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையையும் இடது காலையும் வாங்கிக்கொண்டு போன பிறகு சர்ச்சுக்குப் போவதை நிறுத்தினாள், சீட்டாட்டத்தை நிறுத்தினாள், என் மகள் கல்யாணத்தையே போனில்தான் பார்த்தாள். பாதிரியார் நேரில் வந்து கேட்டதற்கு, "சாமி எங்க கூப்பிட்டாலும் வருவாரு ஃபாதர். ஆட்டம் வருமா?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அப்படி என்ன அணி என்று கேட்காதீர்கள். சட்டையில் கடிக்கிற ஆமையின் படம் போட்டிருக்கும். கடித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த அக்டோபர் வரைக்கும் ஐந்து ஆட்டத்தில் ஒன்று ஜெயித்திருந்தோம். அதுவும் எதிரணியின் பஸ் பாதி வழியில் நின்றுபோய், பையன்கள் மூன்று மணி நேரம் வெயிலில் வதங்கி வந்த அன்றைக்கு.

ஆட்டம் மதியம் இரண்டு மணிக்கு. ஆனால் காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வெளியே, வண்டி நிறுத்தும் திடலில், அடுப்பை இறக்கிவிடுவோம். எதிரணியின் சின்னம் எதுவோ அதைச் சமைத்துத் தின்றுவிட்டுத்தான் உள்ளே போவது. முதலை வந்தால் முதலை, பன்றி வந்தால் பன்றி. போன வருஷம் கடற்கொள்ளையர் என்று ஓர் அணி வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் கடலில் கிடைத்ததை எல்லாம் அள்ளிப் போட்டோம். இந்த வாரம் ஆர்கன்சாவிலிருந்து காட்டுவாத்துகள். என் கூட்டாளி வில்டனின் உறைபெட்டியில் போன வேட்டைப் பருவத்து வாத்து இருபத்திரண்டு கிடந்தது. எண்பது பேருக்கு வாத்துக் கம்போ, அதாவது மாவு வறுத்துச் செய்கிற எங்கள் பக்கத்துக் கெட்டிக் குழம்பு, என்று முடிவாயிற்று.

எங்கள் இடம் நான்காம் வாசலின் சாய்தளத்துக்கு எதிரே. முப்பத்தொரு வருஷமாக அங்கேதான். முன்பெல்லாம் அது எனக்குப் பெருமை, அவ்வளவுதான். எர்லீன் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகுதான் அந்த இடத்தின் அருமை தெரிந்தது. பிக்கப் வண்டியிலிருந்து நாற்காலியை இறக்கினால் தெருவைத் தாண்டி வாசல். நான் தள்ளத் தொடங்கி மூச்சு வாங்குவதற்குள் உள்ளே இருப்பாள்.

ஆகஸ்டில் கல்லூரி விளையாட்டு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. வாசலை ஒட்டிய வரிசை முழுவதையும் டல்லஸ்காரக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்களாம். வெள்ளைக் கூடாரம், சோபா, மின்விசிறி எல்லாம் போடுவார்களாம். பழைய ஆட்கள் மாட்டுச் சந்தைக் கொட்டகைக்குப் பின்னால் உள்ள சரளைத் திடலுக்குப் போக வேண்டும். ஒன்றரை மைல். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று வாசலருகே ஆறு இடம் வைத்திருந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் எண்பது பேர். மற்றவர்களுக்கு ஒரு வேன். அதன் படி என் முட்டி உயரம்.

"என்னை அரிசி மூட்டை மாதிரி ரெண்டு பேரு தூக்கி ஏத்தணும், ரெண்டு பேரு இறக்கணும்," என்றாள் எர்லீன். "வேணாம். அந்த இடம் போச்சுன்னா நான் வரல. டிவில பாத்துக்கறேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். சாதாரணமாகச் சொன்னாள்.

நான் அந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டேன். இரண்டே வரி. "கடிதம் கிடைத்தது. வழக்கமான இடத்தில் இருப்பேன். ஆல்சிட் தெரியோ." எழுதும்போது என்னமோ பெரிய போராளி மாதிரி இருந்தது. தபாலில் போட்ட பிறகு, திரும்ப எடுக்க முடியுமா என்று பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். நான் ஒரு பள்ளிப் பேருந்து மெக்கானிக். போலீஸ் வண்டி பின்னால் வந்தாலே, ஒன்றும் செய்யாமலிருக்கும்போதும் வேகத்தைக் குறைப்பவன்.

சொந்த மைதானத்தில் முதல் நான்கு ஆட்டத்துக்கும் அந்தக் கம்பெனிக்குக் கூடாரம் போதவில்லை, எங்கள் மூலை காலியாகவே கிடந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. ஐந்தாவது ஆட்டத்துக்குக் கூடாரம் வந்துவிட்டது.

ஒன்பது மணிக்கு, அடுப்பில் எண்ணெய் காய்ந்து நான் மாவைக் கொட்டிய நேரம், கையில் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்தான். கட்டம் போட்ட சட்டை, இஸ்திரி போட்ட கால்சட்டை, பிரெஸ்டன் என்று நெஞ்சில் ஒரு அட்டை. பக்கத்தில் சார்ஜன்ட் லெனெட் செரமி. லெனெட் எங்கள் ஊர்ப் பெண், கல்லூரிப் போலீஸில் இருக்கிறாள்.

"சார், இந்த இடம் எங்களோடது," என்றான் பிரெஸ்டன். "பத்து மணிக்குள்ள காலி பண்ணிக் கொடுத்திடுங்க. பன்னெண்டு மணிக்கு ரோட்டை அடைச்சிடுவாங்க."

அது எனக்குத் தெரியாதா? பன்னிரண்டு மணிக்குக் கல்லூரி பேண்டு வாத்தியம் தெரு முழுக்க அணிவகுத்து வரும். அப்போது அடைக்கிற பாதையை ஆட்டம் முடிந்துதான் திறப்பார்கள். அதற்குப் பிறகு என் வண்டியைக் கடவுளே வந்தாலும் வெளியே எடுக்க முடியாது. ஆக, நான் செய்ய வேண்டியது மூன்று மணி நேரம் நகராமல் இருப்பது. வேறு எந்தத் திட்டமும் என்னிடம் இல்லை. இருந்ததாக இப்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"லெனெட், நான் கிண்டிட்டு இருக்கேம்மா," என்றேன்.

லெனெட் சட்டியைப் பார்த்தாள். பெரிய வார்ப்பிரும்புச் சட்டி, நான்கு கிலோ மாவு, நான்கு லிட்டர் எண்ணெய், நடுவில் நான், கையில் பாதியாக அறுத்த படகுத் துடுப்பு. அவள் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது.

கம்போவின் உயிர் அந்த மாவில்தான். எண்ணெயில் போட்டு நிறுத்தாமல் கிண்ட வேண்டும். வெள்ளை மணல் நிறமாகும், பிறகு வேர்க்கடலை நிறம், பிறகு செப்புக்காசு, கடைசியில் சாக்லேட். ஒரு மணி நேரமாகும். நடுவில் அரை நிமிஷம் கையை எடுத்தால் அடியில் கறுப்புப் புள்ளி விழும். ஒரு புள்ளி விழுந்தாலும் மொத்தமும் கசந்துபோகும், கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எங்கள் பக்கத்தில் மாவு கிண்டுகிறவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். போன் அடித்தால் எடுக்க மாட்டான், குழந்தை அழுதால் வேறு யாராவது தூக்குவார்கள். சண்டைக்கு வந்தவன்கூட ஓரமாக உட்கார்ந்து, முடிந்ததும் சண்டை போடுவான்.

"முடியட்டும்," என்றாள் லெனெட்.

"என்ன முடியட்டும்? ஆபீசர், அடுப்பை அணைச்சா முடிஞ்சிடுச்சு." பிரெஸ்டன் கேஸ் குழாயை நோக்கிக் குனிந்தான்.

"கையை எடு தம்பி." லெனெட் குரலை உயர்த்தவில்லை. "அது தோலில பட்டா எலும்பிலதான் போய் நிக்கும். அதை இப்ப தூக்கச் சொல்லி யாரு கையாவது வெந்தா, யாரு பதில் சொல்றது? நீயா?"

அப்போதுதான் வண்டி நிழலிலிருந்து எர்லீன் குரல் கொடுத்தாள். "ஏம்மா லெனெட், ஒரு நாற்காலி எடுத்துப் போட்டு உக்காரேன். எவ்வளவு நேரம் நிப்ப?"

"பரவால்ல மிஸ் எர்லீன்."

எர்லீன் முப்பத்துநாலு வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றவள். ஐம்பது வயதுக்குள் இருக்கிற யாரும் அவள் கையால் தின்னாமல் வளரவில்லை. லெனெட் அந்த நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பிரெஸ்டன் யாருக்கோ போன் போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு மாவு வறுக்க வராது. துடுப்பு எப்போதும் எர்லீன் கையில்தான் இருந்தது. அவள் கை விழுந்த பிறகு என்னிடம் வந்தது. இரண்டு வருஷத்தில் நான் வறுத்ததில் பாதி குப்பைக்குப் போனது, மீதியை மரியாதைக்காகத் தின்றார்கள். அன்றைக்கும் பத்து மணி வாக்கில், பிரெஸ்டன் திரும்பி வந்து "இன்னும் எவ்வளவு நேரம் சார்?" என்று கேட்டான். "உங்க டல்லஸ்ல சமையலே மைக்ரோவேவ்லதானா?" என்று நிமிர்ந்து கேட்டேன். நல்ல நையாண்டி என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் நடுவில் கறுப்புப் புள்ளி மிதக்கிறது.

"வாய் பேசினா கை நிக்கும்னு நாப்பது வருஷமா சொல்றேன்," என்றாள் எர்லீன்.

எனக்கு முகம் தொங்கிவிட்டது. சாதாரண நாளில்கூட அது அவமானம். அன்றைக்கு ஊரே பார்க்கிறது. கம்பெனிக் கூடாரத்துச் சோபாக்களில் வந்து உட்கார்ந்தவர்கள்கூட எட்டிப் பார்க்கிறார்கள்.

"கருகிப்போச்சு," என்றேன் லெனெட்டிடம்.

லெனெட் எழுந்து வந்து சட்டிக்குள் நன்றாகப் பார்த்தாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "கருகித்தான் போச்சு," என்று பிரெஸ்டனிடம் சொன்னாள். "மறுபடி ஆரம்பிக்கணும்."

"என்னது?"

"இங்க எண்பது பேரு சாப்பிடணும்ல?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பக்கவாதத்துக்குப் பிறகு வாயின் ஒரு பக்கத்தால் மட்டும்தான் சிரிப்பாள். அந்தப் பக்கம் சிரித்துக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே ஒப்புக்கொண்ட என் கையாலாகாத்தனம் எனக்குச் சட்டப் பாதுகாப்பாகிவிட்டது.

கருகியதை மணல் வாளியில் கொட்டி, சட்டியைத் துடைத்து, கைவசமிருந்த இரண்டாவது மூட்டை மாவைப் போட்டேன். மூன்றாவது இல்லை. வில்டனுக்குப் போன் செய்தாள் எர்லீன். அவன் கடிதத்தைப் படித்ததும் மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டவன்; என் பழைய சிநேகிதன், என்னைவிட புத்திசாலி.

"வில்டன், மாவு வச்சிருக்கியா? எல்லாத்தையும் எடுத்துட்டு வா. எண்ணெயும். எதுக்கா? உன் சிநேகிதன் கருக்கிட்டான். ஆமா, மறுபடியும். சிரிச்சு முடிச்சிட்டு வா."

இரண்டாவது சட்டியில்தான் வினை வந்தது.

நான் வாயைத் திறக்கவில்லை. பிரெஸ்டன் எதையோ வாசித்துக் காட்டினான், விதி எண் சொன்னான். நான் சட்டியை மட்டும் பார்த்தேன். மாவு மணல் நிறமாயிற்று. வேர்க்கடலை நிறமாயிற்று. செப்புக்காசு நிறத்துக்கு வந்தபோது ஒரு வாசம் கிளம்பியது பாருங்கள், வறுத்த கொட்டையும் காப்பியும் சேர்ந்த மாதிரி. கூடாரத்துக்காரர்கள் நான்கைந்து பேர் கையில் தட்டோடு வரிசைக் கயிறு வரை வந்து நின்றார்கள். பதினொன்று பத்துக்கு, சட்டிக்குள் கருஞ்சிவப்பில் பட்டுப்போல ஒரு பரப்பு, ஒரு புள்ளி இல்லை, ஒரு கட்டி இல்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக நான் நன்றாக மாவு வறுத்திருந்தேன்.

இந்த நேரத்தில் வெங்காயத்தைக் கொட்ட வேண்டும். கொட்டினால் வறுவல் நின்றுவிடும். வறுவல் நின்றால் கிண்டுகிறவன் கை ஓய்ந்துவிடும். கை ஓய்ந்தவனை, பாவம், எந்தப் போலீஸும் எழுப்பலாம். பன்னிரண்டுக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருந்தது.

லெனெட் எழுந்து நின்றாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது. சட்டியைப் பார்த்த அவள் கண்ணில் மரியாதை இருந்தது. அதுதான் கொடுமை. "ஆல்சிட் அண்ணே," என்றாள் மெதுவாக, "இது அழகா வந்திருக்கு."

"தெரியும்மா."

"வெங்காயம் போட்டுருங்க. இதைக் கெடுக்காதீங்க."

நான் எர்லீனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் "போடு" என்பாள். அவளுக்கு நல்ல மாவைக் கெடுப்பது பாவம். வெங்காயக் கிண்ணம் எட்டும் தூரத்தில் இருந்தது. என் மகள் பிறந்தபோது முதலில் கையில் வாங்கிப் பார்த்த மாதிரிதான் அந்தச் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைச் சொன்னால் மகள் கோபித்துக்கொள்வாள். பிறகு துடுப்பைச் சட்டியின் விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

 பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். புகை முதலில் ஓரத்தில் வந்தது.

"அண்ணே," என்றாள் லெனெட்.

"கை வலிக்குதும்மா. வயசாயிடுச்சு."

கறுப்புப் புள்ளி ஒன்று மேலே வந்தது. பிறகு ஒரு குடும்பமே வந்தது.

"இவரு வேணும்னே செஞ்சாரு," என்றான் பிரெஸ்டன். அவன் காது சிவந்திருந்தது. "எல்லாரும் பாத்தீங்க. கையைப் பையில விட்டாரு."

"நான் பாத்தேன்," என்றாள் லெனெட். "கருகினதைப் பாத்தேன்." அவள் குரல் கரகரத்தது. கோபமா, புகையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "ஆனா ஒண்ணு அண்ணே. அடுத்ததை நீங்க கருக்கினீங்கன்னா நானே உங்க கையில விலங்கு மாட்டுவேன். ரெண்டு வேளை மாவு போச்சு."

"அடுத்தது கருகாது," என்றாள் எர்லீன். "டேய், என்னைத் தள்ளிட்டுப் போய் சட்டிகிட்ட விடு."

"அக்கா, உனக்கு..."

"ஒரு கை இருக்கில்ல. நீ ரெண்டு கையை வச்சுக்கிட்டு என்ன கிழிச்ச?"

அப்போது வில்டன் வந்து சேர்ந்தான். தனியாக இல்லை. ஒன்றரை மைலும் நடந்து, தோளில் மாவு மூட்டையோடு அவன் முன்னால். பின்னால் மாட்டுக் கொட்டகைத் திடலிலிருந்து முப்பது நாற்பது பேர், எண்ணெய் டின், சோற்றுப் பானை, உருளைக்கிழங்கு சாலட், ஒருத்தர் தலையில் கவிழ்த்த கிண்ணத்தோடு. வில்டன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தான். "நீ மாறவே இல்லடா," என்றான்.

கருகியதைக் கொட்டி, சட்டியைத் தாழ்வான அடுப்பு வளையத்துக்கு மாற்றினோம். நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, அது நகராமல் நான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன். எர்லீன் துடுப்பை வலது கையில் வாங்கி, அக்குளில் இடுக்கி, கிண்டத் தொடங்கினாள். இரண்டு வருஷமாக அவள் கரண்டி பிடித்து நான் பார்த்ததில்லை. முதல் கால்மணி நேரம் தடுமாறினாள். பிறகு உடம்பு தானாகவே முன்னும் பின்னும் ஆடத் தொடங்கியது. அவள் ஆடியதற்கெல்லாம் நாற்காலியைப் பிடித்திருந்த நானும் ஆடினேன். வில்டன் அதைப் போனில் படம் எடுத்தான். அந்தப் படத்தில் நான் ஏதோ கல்யாண நடனம் ஆடுகிற மாதிரி இருக்கும்.

பிரெஸ்டன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். "மேடம், உங்க நிலைமை எனக்குப் புரியுது. உங்களுக்கு வேன் ஏற்பாடு பண்ணித் தர்றேன். ரெண்டு பேரு தூக்கி..."

எர்லீன் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கண்ணா, நான் கிண்டிட்டு இருக்கேன்."

பிரெஸ்டன் லெனெட்டைப் பார்த்தான். லெனெட் வானத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தெருக்கோடியில் டிரம் சத்தம் கேட்டது. மரத்தடுப்புகளை இழுத்துப் போட்டார்கள். பச்சைச் சட்டைப் பையன்களும் பெண்களும் குழலும் தாரையுமாக எங்கள் முன்னால் போனார்கள். எர்லீன் வியர்த்து ஒழுக, "வெங்காயம்," என்றாள். வில்டன் கொட்டினான். அந்தச் சத்தத்தில் பேண்டு வாத்தியமே ஒரு கணம் கேட்கவில்லை.

அன்றைக்கு எண்பது பேருக்குப் பதில் நூற்றிருபது பேர் தின்றார்கள். ஆர்கன்சாக்காரர்கள் வாத்துத் தொப்பியோடு வந்து, தங்கள் சின்னத்தையே இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்கள். கூடாரத்துக்காரர்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள். பிரெஸ்டனும் ஒரு கிண்ணம் தின்றான், இன்னொன்றும் வாங்கினான், வாயில் மென்றுகொண்டே என்மீது புகாரை முழுதாக எழுதி முடித்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. சோற்றுக்கு விலை போகாதவன்.

ஆட்டத்தில் முப்பத்தெட்டுக்கு மூன்று என்று தோற்றோம். அந்த மூன்று புள்ளிக்கு எர்லீன் போட்ட கூச்சலில் முன்வரிசைக்காரர் ஒருவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

வெளியே வந்தபோது லெனெட் வண்டியருகே காத்திருந்தாள். கையில் மஞ்சள் தாள். "மேலருந்து உத்தரவு அண்ணே. எழுதாம இருக்க முடியல."

வாங்கிப் படித்தேன். என் பிக்கப் வண்டி இந்த சீசன் முழுவதும் கல்லூரி எல்லைக்குள் வரக் கூடாது. வந்தால் இழுத்துக்கொண்டு போவார்கள்.  ஒரு சனிக்கிழமையைத்தான் ஜெயித்திருக்கிறேன். இன்னும் இரண்டு பாக்கி.

"வண்டியா, ஆளா?" என்று கேட்டாள் எர்லீன்.

"வண்டிதான் மிஸ் எர்லீன். ஆனா அடுத்த தடவை அந்தப் பையன் விடியக்காலை அஞ்சு மணிக்கே நாலு காவலாளோட வந்து நிப்பேன்னு சொல்லியிருக்கான். நானும் வருவேன். என் வேலை அது."

"வா. நாங்களும் வருவோம்."

சட்டி கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இப்போது இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வில்டன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்தான். "என் வண்டி இருக்கே," என்றான். மாட்டுக் கொட்டகைக்குச் சொன்னபடி போனவன், முட்டாள்தனமாக எதுவுமே செய்யாதவன். "என் சட்டியும் இருக்கு. அடுப்பும்."

"என்கிட்ட ரெண்டு இருக்கு," என்றார் பின்னாலிருந்து ஒருவர். இன்னொருவர் கையை மட்டும் தூக்கினார்.

லெனெட் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினாள். "அத்தனை பேரும் ஒரே நேரத்தில கிண்டினீங்கன்னா நான் ஒருத்தி என்னதான் பண்றது?" என்றாள், யாரிடம் என்றில்லாமல். பதிலுக்குக் காத்திராமல் நடந்து போனாள்.

நான் எர்லீனைத் தூக்கி இருக்கையில் வைத்தேன்.  அவள் வலது கையால் விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனேன். அவள் தடுத்து, என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தாள்.

"வில்டன், அடுத்த தடவை விடியக்காலை நாலு மணிக்கு நான் வாசப்படில ரெடியா இருப்பேன். ஹாரன் அடிக்காத. உன் நாயை முன்சீட்ல ஏத்திட்டு வந்த, நான் இறங்கி நடந்தே போயிடுவேன்."